வளைவில் ஒரு விசாரணை

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். பொன்னேரியில் ஏறத் தொடங்கி, பாதி உயரம் தாண்டியபின் ஒரு வளைவின் ஓரத்தில் தார்ப்பாய்க் கடை ஒன்று. தேன் பாட்டில்கள், பலாச்சுளைப் பொட்டலங்கள், எலுமிச்சை சோடா, டீ. குரங்குக்குப் பயந்து பிஸ்கட் பாக்கெட்டுகளைக் கம்பி வலைக்குள் பூட்டி வைத்திருக்கிறார் கடைக்கார அம்மா. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கார்கள் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி ஏறிக்கொண்டிருந்தன.

பெஞ்சின் ஒரு முனையில் நான். மறுமுனையில் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர். அவர் குடும்பம் வேன் வைத்துப் புங்கனூர் ஏரிக்குப் படகு விடப் போயிருந்தது. வளைவுகளில் தலை சுற்றுகிறதென்று இவர் மட்டும் வழியிலேயே இறங்கிக்கொண்டாராம். கடைக்கார அம்மாவிடம் அவர் பேசியதிலிருந்து இவ்வளவும் தெரிந்தது: ஆம்பூர்க்காரர், தோல் ஷாப் என்று சொல்லும் பதனிடும் ஆலையில் தரம் பிரிக்கும் வேலை, இப்போது வீட்டோடு இருக்கிறார். வேலையை விட்டாலும் விரல்கள் விடவில்லை. பெஞ்சில் விரித்திருந்த ரெக்சினின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெருடிக்கொண்டே இருந்தார்.

சற்று முன்புதான் ஆறேழு இளைஞர்கள் அங்கே டீ குடித்துவிட்டு மேலே போயிருந்தார்கள். எல்லாம் பெரிய வண்டிகள். தலைக்கவசத்தின் மேல் கேமரா, முழங்காலுக்குக் காப்பு, நல்ல தோலில் தைத்த கையுறை. பாலாற்றங்கரையில் எங்கோ பதனிட்ட தோலாகக்கூட இருக்கலாம். ஒருவன் போட்டிருந்த மஞ்சள் பனியனில் 46 என்ற எண். “மேலேருந்து இங்க வரைக்கும் டைம் போடுறோம் ஆன்ட்டி” என்று கடைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அந்த அம்மா பதில் ஏதும் சொல்லவில்லை. வெளியே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துச் சாலையிலிருந்து இன்னும் தள்ளிப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து என்ஜின்களின் இரைச்சல் இறங்கி வந்தது. கீழிருந்து ஒரு பழைய ஸ்பிளெண்டர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. ஓட்டியவர் முழங்கையில் ஹெல்மெட் தொங்கியது. பின்னால் அவர் மனைவி, மடியில் ஒரு துணிப்பை. இறங்கி வந்த முதல் வண்டி வளைவை உள்பக்கமாக வெட்டியது. வண்டியோடு சேர்ந்து ஆளும் சாய்ந்து, முழங்கால் தரையைத் தொடும் அளவுக்கு வந்தான். ஹேண்டில்பாரும் ஹேண்டில்பாரும் உரசின. இரண்டு வண்டிகளும் விழுந்தன. தொலைக்காட்சியில் இப்படி ஒரு மோதலை ஐந்து கோணத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். மலையில் அது ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு ரோட்டில் கண்ணாடித் துண்டுகள்.

உயிருக்கு ஆபத்தில்லை. அந்தப் பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. ஓட்டியவருக்கு உள்ளங்கை கிழிந்திருந்தது. இளைஞனுக்குக் காப்புகள் இருந்ததால் கீறல்கூட இல்லை. அவனுடைய வண்டிக்குத்தான் அடி அதிகம். பக்கவாட்டு மூடி உடைந்து, லிவர் வளைந்து கிடந்தது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திச் சுற்றி நின்றார்கள். ஆறேழு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் ஒரு பக்கம்.

“பார்த்து வரக்கூடாதாண்ணா? நடு ரோட்ல வர்றீங்களே!”

“நான் எங்கப்பா நடுவுல வந்தேன்? லெஃப்ட்லதான் வந்துகினு இருந்தேன்.”

“மொதல்ல ஹெல்மெட் போட்டீங்களா? ஹெல்மெட்டே போடாம பேசாதீங்க.”

அந்த ஒரு வார்த்தையில் அவர் அடங்கிப்போனார். நானும் அதைக் கண்டேன். இடது பக்கம் வந்தேன் என்று அடித்துச் சொன்னவர், முழங்கையில் தொங்கிய ஹெல்மெட்டைக் குனிந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதற்குள் அந்த இளைஞர்களில் மூத்தவனாகத் தெரிந்தவன் சேதத்துக்குக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டான். ஒரு லிவர் என்ன விலை, மூடி என்ன விலை என்று அவன் சொல்லச் சொல்ல, ஸ்பிளெண்டர்க்காரர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

பெரியவர் எழுந்து போனார். வழியில் கிடந்த ஒரு கையுறையைக் குனிந்து எடுத்து, திருப்பிப் பார்த்து, தூசி தட்டி அந்த இளைஞனிடம் நீட்டினார். பிறகு சொன்னார்: “ஹெல்மெட் கணக்கு வேற, மோதுன கணக்கு வேற தம்பி. ரெண்டையும் ஒரே சீட்டுல எழுதாத.”

“நீங்க யாரு பாய்?”

“பார்த்துகினு இருந்தவன்.”

அடுத்து அவர் செய்தது எல்லாம் ஏற்கெனவே பழகிய வேலைபோல இருந்தது. முதலில் அந்தப் பெண்ணை பெஞ்சில் உட்கார வைத்து, காலுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வந்தால் கையை உயர்த்தினார்; குரலை உயர்த்தவில்லை. அதன்பின் ரோட்டுக்கு இறங்கினார். உராய்வுக் கோடு எங்கே தொடங்குகிறது, கண்ணாடித் துண்டுகள் எந்தப் பக்கம் சிதறியிருக்கின்றன என்று குனிந்து பார்த்தார். மங்கிப்போன நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம், ஏறுகிற வண்டிக்கு உரிய பாதியில்தான் கோடு தொடங்கியது. தோல் ஷாப்பில் ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, முள் கீறல், உண்ணித் தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்திக் காயம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரம் போடுகிறவர், அது யார் வீட்டு ஆடு என்று கேட்பதில்லை. இங்கேயும் வண்டியின் விலையை அவர் கேட்கவில்லை.

கூட்டத்தில் ஆகச் சின்னவன், மீசை சரியாக அரும்பாதவன், தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அண்ணா, என் கேமராவுல இருக்கு.”

“அதெல்லாம் தேவையில்ல, வை” என்றான் மூத்தவன்.

சின்னவன் வைக்கவில்லை. கைபேசியில் போட்டுப் பெரியவரிடம் நீட்டினான். அவர் பார்த்தார். விழுந்த இளைஞனையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மறுபடி ஒருமுறை ஓட்டச் சொல்லிப் பார்த்தான் அவன். பிறகு, “என் லைன் தப்புதான் பாய்” என்றான். அவன் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது.

இந்த இடத்தில் அந்த மஞ்சள் பனியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 46 என்பது இத்தாலிய வீரர் வாலண்டினோ ரோஸியின் எண். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஒரு மோதலுக்குப் பிறகு நியாயம் எது என்று உலகமே அதிகமாக வாதாடியது அவர் விஷயத்தில்தான். 2015 அக்டோபர் 25, மலேசியாவின் செபாங் களம். ஏழாவது சுற்று, 14ஆவது வளைவு. ரோஸி தன் வேகத்தைக் குறைத்து, சக போட்டியாளர் மார்க் மார்க்கேஸை வெளிப்பக்கமாக ஒதுக்கிக்கொண்டே போனார். இருவரும் உரசினார்கள். மார்க்கேஸ் விழுந்தார். ரோஸி மூன்றாவதாக முடித்தார். மார்க்கேஸ் வேண்டுமென்றே ரோஸியின் ஓட்டத்தைக் கெடுத்தார் என்று போட்டி நிர்வாகம் நம்பியது. ஆனால் அதில் விதிமீறல் இல்லை என்றது. வெளியே தள்ளியது விதிமீறல் என்று ரோஸிக்கு மூன்று தண்டனைப் புள்ளிகள் போட்டது.

மூன்று புள்ளிகளோடு போயிருந்தால் அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அதே ஆண்டு மிசானோவில், தகுதிச் சுற்றில் இன்னொருவர் பாதையை மறித்ததற்காக வாங்கிய ஒரு புள்ளி அவர் பெயரில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. மூன்றும் ஒன்றும் நான்கு. நான்கு சேர்ந்தால் அடுத்த பந்தயத்தில் கடைசி இடத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லப்பட்ட விதி. விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனார், தடை கிடைக்கவில்லை. நவம்பர் 8 அன்று வலென்சியாவில் எல்லோருக்கும் பின்னால் நின்று கிளம்பி நான்காவதாக வந்தார். ஏழு புள்ளி முன்னிலையோடு அங்கே போனவர், ஐந்து புள்ளியில் உலகப் பட்டத்தை ஹோர்ஹே லொரென்சோவிடம் இழந்தார். அன்று அந்த விளையாட்டின் மிகப் பெரிய நட்சத்திரம் அவர். அவருக்காக விதியை வளைத்திருந்தால் பார்வையாளர்களில் பாதிப்பேர் கொண்டாடியிருப்பார்கள். வளைக்கவில்லை.

அதில் ஒரு குறை இருந்தது என்றும் சொல்லியாக வேண்டும். அப்போது பந்தயத்தை நடத்துவதும் தண்டனை சொல்வதும் ஒரே குழுவின் கையில் இருந்தன. 2016 முதல் தண்டிப்பதற்கென்று தனியாக நடுவர் குழு அமைத்தார்கள். இவ்வளவு பெரிய சண்டை நடந்தபின்தான் அந்தப் புத்தி வந்தது.

அதே மார்க்கேஸ் 2023 மார்ச் 26 அன்று போர்ச்சுகலின் போர்ட்டிமாவ் களத்தில் குற்றவாளி இடத்தில் நின்றார். மூன்றாவது சுற்றில் பிரேக் பிடித்தது தப்பி, முன்னால் போனவரை உரசி, போர்ச்சுகல் வீரர் மிகேல் ஒலிவேராவை அவருடைய சொந்த மண்ணிலேயே இடித்து வீழ்த்தினார். தன் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். இரட்டை நீள்சுற்றுத் தண்டனை கொடுத்தார்கள். அதாவது பந்தயத்துக்கு நடுவே இரண்டு முறை வெளிவட்டப் பாதையில் சுற்றி நேரத்தை இழக்க வேண்டும். ஆனால் தண்டனைத் தாளில் “அர்ஜென்டினா பந்தயத்தில்” என்று எழுதிவிட்டார்கள். அவர் கட்டைவிரல் எலும்பு முறிந்து அர்ஜென்டினாவுக்கே போகவில்லை. பிறகு நடுவர்கள், எந்தப் பந்தயத்தில் திரும்பி வருகிறாரோ அதில் தண்டனை என்று மாற்றி எழுதினார்கள். அவருடைய அணி மேல்முறையீட்டுக்குப் போனது. மே மாதம் தீர்ப்பு வந்தது: தண்டனை ரத்து.

இடித்தவர் ஒப்புக்கொண்ட குற்றம், இடிபட்டவருக்குக் காயம், தண்டனையோ இல்லை. கேட்டவர்களுக்குக் கசந்தது; எனக்கும் கசந்தது. ஆனாலும் அந்தத் தீர்ப்பை நான் ஆதரிக்கிறேன். எழுதி முடித்த தண்டனையை, அது பலிக்கவில்லை என்பதற்காகப் பின்னால் வந்து திருத்தலாம் என்று விட்டால், நாளை வேறொருவருக்கு அதைக் கூட்டியும் எழுதுவார்கள். தவறு எழுதிய கையில் இருந்தது. முதல் நாளே “அடுத்து கலந்துகொள்ளும் பந்தயத்தில்” என்று எழுதியிருந்தால் இந்தக் கசப்பே இல்லை.

நம் ஊரிலும் களம் உண்டு. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ஓடுகளம் அமைத்தது. ஏலகிரி வளைவில் டைம் போட்டவர்கள் மலையிலிருந்து இறங்கி பெங்களூர்–சென்னை நெடுஞ்சாலையில் சில மணி நேரம் போனால் அங்கே போய்ச் சேரலாம். கொடி பிடிக்கிறவர்கள் வளைவுக்கு வளைவு நிற்பார்கள். மஞ்சள் கொடி ஆடினால் யாரும் யாரையும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் பந்தயம் நின்றுவிடும். எதிரே வண்டி வராது; அதுதான் முக்கியம்.

அங்கேயும் சாவு நடந்திருக்கிறது, மறைக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 5 அன்று தேசியப் பந்தயத்தின் தொடக்கநிலைப் பிரிவில், கிளம்பியவுடன் முதல் வளைவைத் தாண்டும்போது விழுந்த பெங்களூர்ச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். வயது 13. பந்தயத்தை நிறுத்தினார்கள். அந்த வாரத்துப் பந்தயங்கள் எல்லாவற்றையும் ரத்து செய்தார்கள். இப்படிப்பட்ட சாவில் யார் யாரை இடித்தார்கள் என்று தேடுவதைவிட, அந்த வயதில் அவ்வளவு வேகத்தில் ஒரு பிள்ளையை நிறுத்தியது சரியா என்று கேட்பதுதான் நியாயம். 2021இல் ஐரோப்பாவில் நான்கே மாதங்களுக்குள் மூன்று இளம் வீரர்கள் இறந்துபோனார்கள். முஜெல்லோவில் ஜேசன் துபாஸ்கியே, 19 வயது. அரகோனில் ஹியூகோ மில்லான், 14. ஹெரெஸில் டீன் பெர்தா வின்யாலெஸ், 15. மூவருமே விழுந்தபின் பின்னால் வந்த வண்டிகளில் அடிபட்டவர்கள். பின்னால் வந்த எந்த ஓட்டுநரும் குற்றவாளி இல்லை. அதனால் யாரையும் தண்டிக்காமல், உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் விதியையே மாற்றியது. குறைந்தபட்ச வயதை உயர்த்தியது. இளையோர் பந்தயங்களில் ஒரே நேரத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தது.

திரும்ப வளைவுக்கு வருகிறேன். “என் லைன் தப்பு” என்று அவன் சொன்னபின், மூத்தவன் பர்ஸை எடுத்தான். சில நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி ஸ்பிளெண்டர்க்காரர் சட்டைப் பையில் வைக்கப் போனான். பெரியவர் தடுத்தார்.

“காசு அப்புறம் தம்பி. மேல ஸ்டேஷன் இருக்குது. ரெண்டு பேரும் போயி நடந்தத எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அந்தப் பையன் வீடியோவையும் குடுங்க. இவரு ஹெல்மெட் போடாததுக்கு இவரு ஃபைன் கட்டட்டும்.”

யாருக்கும் அது பிடிக்கவில்லை. மூத்தவன், “பாய், பேசி முடிச்சிக்கிறோம், விடுங்க” என்றான். ஸ்பிளெண்டர்க்காரரும் அதையேதான் சொன்னார். காலையில் ஷூ கம்பெனியில் ஷிப்ட் இருக்கிறது, ஸ்டேஷன் என்றால் நாள் போய்விடும், ஹெல்மெட்டுக்கு வேறு கட்ட வேண்டும். அவர் மனைவி நொண்டிக்கொண்டே எழுந்து, “வேணாம் பாய், போயிடலாம்” என்றார். குரலில் வலியைவிடப் பயம் அதிகமாக இருந்தது. சின்னவன் மட்டும் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காசு கைமாறியது. எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. ஸ்பிளெண்டரை உதைத்துக் கிளப்பி, ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு அவர் மேலே போனார். விழுந்த இளைஞன் வளைந்த லிவரோடு மெதுவாக, தன் பக்கத்திலேயே கீழே இறங்கினான். மற்றவர்களில் இரண்டு பேர் அடுத்த வளைவு வருவதற்குள் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார்கள், சத்தத்தில் தெரிந்தது.

பெரியவர் வந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்தார். கடைக்கார அம்மா, “நல்லா பேசுனீங்க பாய்” என்றார். அவர் தலையை ஆட்டினார். “இன்னா பேசி இன்னாம்மா, எழுதலயே” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் அப்படியே ஏற்கிறேன். அவர் விசாரித்ததில் எந்தக் குறையும் இல்லை. இரு பக்கமும் கேட்டார், சாட்சியைப் பார்த்தார், ஒரு தவறை இன்னொரு தவறுக்கு ஈடாக வைக்க விடவில்லை. குற்றம் செய்தவனே ஒப்புக்கொண்டான். ஆனால் அந்த மோதல் நடந்ததற்கு இன்று எங்கும் ஒரு வரி கிடையாது. செபாங்கில் ரோஸியைப் பிடித்தது அன்றைய தவறு மட்டுமல்ல. மிசானோவில் எழுதி வைத்த ஒரு புள்ளியும்தான். மலையில் ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஞாயிறாகவே இருக்கிறது. யார் எத்தனை முறை உள்பக்கம் வெட்டினார்கள், எந்த வளைவில் அதிகம் விழுகிறார்கள், தடுப்புச் சுவர் எங்கே வேண்டும், குவி கண்ணாடி எங்கே வேண்டும் என்று தெரிந்துகொள்ள யாரிடமும் கணக்கு இருக்காது, எல்லாமே காசு கைமாறி முடிந்துவிட்டால்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் தாராளமாகப் போக இடமில்லாத இடத்தில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அரசின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் பொதுச்சாலையில் பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ கலந்துகொள்வதும் அதை அனுமதிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவில் குற்றம். கைபேசியில் டைம் போடுவதும் வேகச் சோதனைதான் என்பது என் வாதம். விபத்தில் ஒருவருக்குக் காயம் பட்டால், அவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் நடந்ததைத் தெரிவிப்பதும் ஓட்டியவரின் கடமை என்கிறது 134ஆவது பிரிவு. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ என்கிறது 199ஏ பிரிவு. இவை ஒன்றும் யாரும் படிக்க முடியாத ரகசியங்கள் அல்ல.

திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். பொன்னேரியில் ஏறும் இடத்திலும் அத்தனாவூரில் இறங்கும் இடத்திலும் இந்த விதிகளைத் தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். காயம் சின்னதோ பெரிதோ, வளைவில் நடக்கும் மோதல் எல்லாவற்றுக்கும் எந்த வளைவு, எந்தப் பக்கம், என்ன காரணம் என்று ஒரு பதிவேடு வையுங்கள். தகவல் சொல்ல வருகிற தொழிலாளியின் ஒரு நாள் கூலி போகாத அளவுக்கு அதைச் சுருக்கமாக முடியுங்கள். ஹெல்மெட் போடாதவருக்கு அந்த அபராதத்தை மட்டும் போடுங்கள். மோதலில் அவர் பக்கம் இருக்கும் நியாயத்தை அதற்காகப் பறிக்காதீர்கள்.

வண்டியில் வரும் தம்பிகளுக்கும் ஒன்று. வேகம் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள். கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள், கொடி இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஏலகிரிக்கு வந்தால் உங்கள் பாதியிலேயே வாருங்கள். மோதல் நடந்துவிட்டால், அந்தச் சின்னவன் செய்ததுபோல, உங்கள் நண்பனுக்கு எதிராக இருந்தாலும் வீடியோவைக் கொடுங்கள். பெரியவரிடம் காட்டியதோடு நிறுத்தாமல், மேலே இருக்கும் காவல் நிலையத்துக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள்.